எல்லாம் சரி, மணி மட்டும் அடிக்காது: 16,000 ரூபாய் போனோடு ஏழு மாதம்

கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டிலும் சொந்தத்திலுமாக மூன்று கம்பெனிப் போன்கள் இருக்கின்றன, மூன்றிலும் கூடக்குறைய இதே கூத்துதான் நடக்கிறது. பெயரைப் போட்டால் "அப்பாடா, நம்ம போன் இல்லை" என்று பாதிப் பேர் இங்கேயே கிளம்பிவிடுவீர்கள்.

வாங்கி ஏழு மாதம் ஆகிறது. மதுரையில் ஒரு பெரிய ஷோரூமில் 15,999 ரூபாய், கூடவே ஒரு கவரும், இன்றுவரை தலைகாட்டாத இயர்போனுக்கு ஒரு கூப்பனும் கொடுத்தார்கள். 5000 எம்ஏஹெச் பேட்டரி, 120 ஹெர்ட்ஸ் திரை, 5ஜி, ஆண்ட்ராய்டு 14. திரை அருமை, வெயிலில் மொட்டை மாடியில் நின்றும் படிக்கலாம். கேமரா நான் எதிர்பார்த்ததைவிட நல்லது. ஜரிகையும் ஜர்தோசியும் மின்னுகிற மின்னலை அப்படியே எடுக்கிறது, மெரூன் நிறத்தை மட்டும் ஏனோ தக்காளிச் சிவப்பாக்கிவிடும், அதற்கு ஜன்னல் பக்கம் கொண்டுபோய் எடுத்தால் சரியாகிறது. பேட்டரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். திங்கள்கிழமை காலையில் சார்ஜ் போட்டால் செவ்வாய் இரவு வரை ஓடும். வாங்கின புதிதில் பார்த்தவர்களிடம் எல்லாம் இதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த விமர்சனமே.

நான் செய்வது ஆரி வேலை, பிளவுஸில் கொக்கி ஊசியால் பூ வேலை போடுவது. வீட்டு முன்னறையில் ஸ்டாண்டு போட்டு உட்கார்ந்தால் சமையல் நேரம் போக மீதி நேரம் அங்கேதான். போர்டு கிடையாது, கடை கிடையாது, வருகிறவர்கள் எல்லாம் ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் வருகிறவர்கள். அளவு பிளவுஸ் தவிர மற்றதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான்: டிசைன் படம், புடவைப் பார்டர் படம், விலை பேசுவது, "முடிந்ததா அக்கா" என்று தினமும் கேட்பது. எனக்குப் போன்தான் கடை. அந்தக் கடையின் ஷட்டரை நான் கவனிக்காதபோது யாரோ பாதி இறக்கிவிட்டுப் போனால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது.

முதலில் மாட்டியது சிலிண்டர். டெலிவரிக்காரர் வந்து கீழே நின்று கூப்பிட்டிருக்கிறார், நான் எடுக்கவில்லை, அவர் போய்விட்டார். மாலையில் பார்த்தால் மிஸ்டு கால் இருக்கிறது, போன் என் பக்கத்திலேயேதான் இருந்தது, சத்தம் முழுசாக வைத்திருந்தேன். சரி, மிக்ஸி ஓடிய நேரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் பாளையங்கோட்டையிலிருந்து அம்மா. "ஏட்டி, ரெண்டாவது தடவை அடிச்சாத்தான் எடுப்பியோ? முத தடவை அடிச்சா உனக்குக் கை வராதோ?" என்று ஒரு நாள் கத்தினாள். நான் சும்மா ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன். சர்வீஸ் சென்டர்காரர்களுக்குப் பிடிபடாத விஷயத்தை அம்மா அன்றைக்கே ஒரு வரியில் சொல்லிவிட்டாள் என்பது பிறகுதான் புரிந்தது. அதற்கு வருகிறேன்.

வயிற்றெரிச்சல் எது என்றால் மயில். ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸ், முதுகில் பெரிய மயில் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் ஸ்டாண்டில் துணியைக் கட்டி, டிரேஸ் எடுத்து, பத்தரைக்கு ஆரம்பித்தேன். போன் எனக்கு இடது பக்கம் ஸ்டூலில் இருந்தது. நாலரை மணிக்கு டீ போட எழுந்தபோது வாட்ஸ்அப்பைத் திறந்தேன், திறந்த நிமிஷம் டிங் டிங் டிங் என்று வரிசையாகப் பதினாலு மெசேஜ் கொட்டியது. அதில் ஒன்று அந்தப் பெண் 11.10க்கு அனுப்பியது: "அக்கா மயில் வேண்டாம், மாப்பிள்ளை வீட்டில் தாமரை கேட்கிறாங்க, ஆரம்பிக்கலைன்னா மாத்திடலாமா?" அதற்குள் மயிலுக்குக் கழுத்து முடிந்து தோகை பாதி வந்தாயிற்று. ஆரியில் போட்டதைப் பிரித்தால் நூல் வந்துவிடும், பட்டில் ஊசித் துளை போகாது. வேறு துணி வாங்கி, அதற்கு நானே காசு போட்டு, இரண்டு ராத்திரி கண் விழித்துத் தாமரை போட்டேன். அந்தப் பெண் மேல் தப்பே இல்லை, அவள் நேரத்துக்குத்தான் சொல்லியிருக்கிறாள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் அந்த மெசேஜ் எங்கே உட்கார்ந்திருந்தது?

இனி சர்வீஸ் சென்டர். ஏசி, டோக்கன், வரிசையாக நாற்காலி எல்லாம் உண்டு. டோக்கன் வாங்கி ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தேன். கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை சொல்ல மாட்டேன். போனை வாங்கினார், பேட்டரி குறைவாக இருக்கிறது என்று சார்ஜரில் சொருகினார், தன் போனிலிருந்து ஒரு கால் அடித்தார், அடித்தது. ஒரு வாட்ஸ்அப் அனுப்பினார், வந்தது. "வருதே மேடம்" என்றார். வீட்டில் வருவதில்லை என்றேன். "அப்போ நெட்வொர்க்கா இருக்கும் மேடம், சிம்மை மாத்திப் பாருங்க" என்றார். விடாமல் நின்றதால் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டு, பேக்டரி ரீசெட் செய்து கொடுத்தார்கள். வாரண்டியில் இருந்ததால் காசு இல்லை. வாட்ஸ்அப் பேக்கப் இருந்தது, ஆனால் நோட்ஸ் ஆப்பில் எழுதி வைத்திருந்த எட்டு வாடிக்கையாளர் அளவுகள் போச்சு. ரீசெட் செய்த பிறகு நாலு நாள் எல்லாம் ஒழுங்காக வந்தது, ஐந்தாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

சிம் கம்பெனியையும் விட்டுவைக்கவில்லை. புது சிம் போட்டுக் கொடுத்தார்கள். போட்டதும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, சிம்மை மாற்றி ஓடிபி திருடுகிறவர்களைத் தடுக்க வைத்திருக்கிற விதி அது, நல்ல விதிதான். ஆனால் அதை யாரும் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஏற்கெனவே மெசேஜ் வராத போனில் இப்போது ஓடிபியும் வராமல் போய், கரண்ட் பில்லைக் கட்ட முடியாமல் ஒரு நாள் அல்லாடினேன். சிம் மாற்றிப் பயன் ஒன்றும் இல்லை. நான் பார்த்த வரைக்கும் சிக்னல் கோளாறு என்றால் கூப்பிடுகிறவருக்கே "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று சொல்லும். கூப்பிடுகிறவருக்கு ரிங் போகிறது, நம் போனில் மிஸ்டு கால் பதிவாகிறது, நமக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் சிம்மைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இந்தச் சின்ன வித்தியாசம் எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் ஒரு பஸ் டிக்கெட் மிச்சம்.

கடைசியில் டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு சந்தில், டெம்பர்டு கிளாஸ் ஒட்டுகிற, டிஸ்பிளே மாற்றுகிற ஒரு கடை. ஆறடிக்கு நாலடி இருக்கும், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில்தான். கடைத் தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். நான் சொன்னதை முழுசாகக் கேட்டான், அதுவே எனக்குப் பாதி நிம்மதி. போனை வாங்கி, சார்ஜரில் போடாமல், திரையை அணைத்து மேஜையில் வைத்துவிட்டு, "ஒரு அரை மணி நேரம் வெயிட் பண்ணுங்க அக்கா, தொடாதீங்க" என்று வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். அப்புறம் தன் போனிலிருந்து ஒரு வாட்ஸ்அப் அனுப்பினான். வரவில்லை. இன்னொன்று. வரவில்லை. சார்ஜரைச் சொருகித் திரையைத் தட்டினான், இரண்டும் சேர்ந்து வந்து விழுந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது, இத்தனை நாளாக நான் சொன்னதை நம்புகிற மாதிரி ஒருத்தர் கண் முன்னால் நடத்திக் காட்டியது அன்றைக்குத்தான்.

"போன் கெட்டுப் போகலக்கா, நீங்க பார்க்காத நேரத்துல தூங்கிருது" என்றான். சார்ஜில் இருந்தால் தூங்காது, கையில் வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் தூங்காது. சர்வீஸ் சென்டரில் அவர்கள் இரண்டையும்தான் செய்தார்கள், பிறகு எப்படிப் பிடிபடும்? போனைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தால் தூங்காதா என்று கேட்டேன், சிரித்தான்.

அவன் கண்டுபிடித்தது ஒரு கோளாறு இல்லை, மூன்று. நான் இத்தனை நாள் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒன்று நான் செய்தது, ஒன்று என் மகன் செய்தது, ஒன்று கம்பெனி செய்தது.

நான் செய்தது டூ நாட் டிஸ்டர்ப். வாங்கின முதல் வாரம் தலைவலி, மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒரு ஷெட்யூல் போட்டேன். தலைவலி போய்விட்டது, ஷெட்யூல் போகவில்லை, தினமும் தானே வந்து தானே போய்க்கொண்டிருந்தது. சர்வீஸ் சென்டர் ரீசெட்டில் அது அழிந்திருக்க வேண்டும், ஆனால் கூகுள் பேக்கப்பிலிருந்து மற்றதோடு சேர்ந்து திரும்பி வந்துவிட்டது போலிருக்கிறது, போய்ப் பார்த்தபோது இருந்தது. சிலிண்டர்காரர் வந்தது ஒன்றரை மணிக்கு. இதிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு: அதே நம்பரிலிருந்து 15 நிமிஷத்துக்குள் இரண்டாவது முறை கூப்பிட்டால் அவசரம் போலிருக்கிறது என்று போன் அடிக்கும். அம்மா விடாமல் அடிப்பாள், அதனால் இரண்டாவது கால் அடித்தது. சிலிண்டர்காரர் ஒரு தடவைதான் அடித்தார். வாடிக்கையாளர்கள் நாகரிகமானவர்கள், ஒரு முறை அடித்துவிட்டு "அக்கா பிஸி" என்று விட்டுவிடுவார்கள். நாகரிகமாக நடந்துகொள்கிறவர்களின் கால்தான் இந்தப் போனில் வராது.

மகன் செய்தது கேம் மோடு. மாலை ஆறிலிருந்து ஏழு வரை போன் அவனிடம். விளையாடும்போது மேலே ஏதாவது வந்து மறைத்தால் தோற்றுவிடுகிறானாம், அதனால் கேம் மோடில் போய், விளையாட்டு ஓடும்போது கால், மெசேஜ் எதுவும் காட்ட வேண்டாம் என்று தட்டி வைத்திருக்கிறான். எட்டாம் வகுப்பு படிக்கிறவனுக்கு அந்த செட்டிங் இருக்கிற இடம் தெரிகிறது. கேட்டதற்கு "நீதாம்மா கேட்கலை" என்கிறான்.

இதோடு ஒட்டி இன்னொன்று. சில நேரம் ரிங் கேட்கும், திரை கறுப்பாகவே இருக்கும், யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது, எடுக்கப் பச்சைப் பட்டனும் வராது. நோட்டிஃபிகேஷனை மேலிருந்து இழுத்தாலும் இருக்காது. நம் ஊரில் நிறையப் பேருக்கு இது இருக்கிறது, பஸ்ஸில் போனைக் கையில் வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்க்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் போய், அதில் போன் என்ற ஆப், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ், அதற்குள் இன்கமிங் கால்ஸ். அந்த ஒரு வரி அணைந்து கிடக்கும், அல்லது சைலன்ட்டில் இருக்கும். அதை ஆன் செய்து, திரையில் தோன்று என்பதையும் ஆன் செய்தால் முடிந்தது. 2017ல் வந்த ஆண்ட்ராய்டு 8லிருந்து ஒவ்வொரு ஆப்பின் நோட்டிஃபிகேஷனையும் வகை வகையாகப் பிரித்து வைத்துவிட்டார்கள், தனித்தனியாக அணைக்கலாம். வேண்டாத விளம்பரத்தை மட்டும் நிறுத்த அது ரொம்ப வசதி. ஆனால் ஏதோ ஒன்றைத் தள்ளிவிடப் போய் அழுத்திப் பிடித்து, வருகிற சின்னப் பெட்டியில் சைலன்ட்டைத் தட்டிவிட்டோம் என்றால், அந்த வகை அன்றிலிருந்து ஊமை. யார் செய்தது என்றும் தெரியாது. போன் ஆப்புக்கு மட்டுமாவது எல்லாக் கம்பெனியும் அப்படித் தட்ட முடியாதபடி பூட்டி வைக்கலாம்.

இனி கம்பெனி செய்தது. மயிலைக் கொன்றது இதுதான்.

ஆண்ட்ராய்டிலேயே ஒரு தூக்க ஏற்பாடு உண்டு, டோஸ் என்று பெயர், 2015ல் ஆண்ட்ராய்டு 6ல் வந்தது. சார்ஜில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடந்தால் போன் ஆப்களின் நெட்டை நிறுத்தி வைத்து, இடையிடையே கொஞ்ச நேரம் மட்டும் திறந்துவிடும். இதில் பெரிய தப்பு இல்லை, ஏனென்றால் அவசரம் என்று குறியிட்டு வருகிற செய்தி அந்தத் தூக்கத்திலும் போனை எழுப்பும். கூகுளே ஒரு பொதுத் தபால் வழி வைத்திருக்கிறது, வாட்ஸ்அப் மாதிரி ஆப்களுக்கான தகவல் அந்த ஒரே வழியாக வந்து கதவைத் தட்டும், ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியாக விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

கோளாறு எங்கே என்றால், கம்பெனிக்காரர்கள் இதற்கு மேல் தங்கள் பங்குக்கு ஒரு காவல்காரனை வைக்கிறார்கள். அவன் கொஞ்ச நேரம் தொடாத ஆப்பை வெளியே பிடித்துத் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறான். முழுசாக நிறுத்தப்பட்ட ஆப்புக்குத் தபால் வந்தாலும் வாங்க ஆள் இல்லை, நீங்களே போய்த் திறந்தால்தான் உயிர் வரும், அப்போதுதான் பதினாலும் சேர்ந்து கொட்டும். இந்தப் பழக்கம் சீனச் சந்தையிலிருந்து வந்தது என்கிறார்கள், நியாயமாகத்தான் படுகிறது. அங்கே கூகுளின் தபால் வழி கிடையாது, ஒவ்வொரு ஆப்பும் தானே பின்னணியில் ஓடிப் பேட்டரியைத் தின்னும், அதனால் காவல்காரன் கண்டிப்பாக இருந்தாக வேண்டியிருந்தது. அதே காவல்காரனை நம் ஊருக்கும் அனுப்பிவிட்டார்கள். தூக்கத்தை அளக்கிற ஆப் ஒன்றைச் செய்கிறவர்கள், தங்கள் ஆப்பை ராத்திரியில் போன்கள் கொன்றுகொண்டே இருப்பதைப் பொறுக்க முடியாமல், டோன்ட் கில் மை ஆப் என்று ஒரு தளமே நடத்துகிறார்கள். "என் ஆப்பைக் கொல்லாதே" என்றுதான் பெயரே. எந்தக் கம்பெனி எவ்வளவு மோசம், எந்தெந்த செட்டிங்கை மாற்ற வேண்டும் என்று கம்பெனி வாரியாக அதில் இருக்கிறது, தம்பியும் அதைப் பார்த்துத்தான் செய்தான்.

செய்தது இவ்வளவுதான். வாட்ஸ்அப்பை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ போய், பேட்டரியில் அன்ரெஸ்ட்ரிக்டட், அதாவது கட்டுப்பாடு இல்லை, என்று மாற்றினான். ஆப் தானாக எழுந்துகொள்ள ஆட்டோ ஸ்டார்ட் என்று இந்தப் போனில் தனியாக ஒரு இடம் இருக்கிறது, அங்கே போய் அனுமதித்தான். ரீசன்ட் ஆப்ஸ் பட்டியலில் வாட்ஸ்அப்பை அழுத்தி ஒரு பூட்டுப் போட்டான், எல்லாவற்றையும் துடைத்தாலும் அது போகாது. டேட்டா சேவர் ஆன் ஆகியிருந்தது, அணைத்தான். ஆண்ட்ராய்டு 14ல் கால், அலாரம் ஆப்களைத் தவிர மற்ற ஆப்கள் பூட்டிய திரை முழுக்க வந்து நிற்கத் தனி அனுமதி வேண்டும், வாட்ஸ்அப்புக்கு அது ஒழுங்காக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரியை ஆன் செய்து கொடுத்தான். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆண்ட்ராய்டு 11லிருந்து இருக்கிறதாம், வாங்கும்போது அணைந்தே இருக்கும். எதையாவது தவறவிட்டால் அதைத் திறந்து பார்க்கலாம்: பட்டியலில் இருந்தால் வந்து ஓசையில்லாமல் போயிருக்கிறது, சத்தம் சம்பந்தமான செட்டிங்கைப் பார்க்க வேண்டும், பட்டியலிலேயே இல்லை என்றால் வரவே இல்லை, பேட்டரி பக்கம் போக வேண்டும். இந்த ஒன்றைச் சர்வீஸ் சென்டரில் செய்திருந்தால் என் போனை அழித்திருக்கவே வேண்டாம்.

காசு வேண்டாம் என்றான். நூறு ரூபாயை மேஜையில் வைத்துவிட்டு, தேவையில்லாமல் ஒரு டெம்பர்டு கிளாஸும் ஒட்டிக்கொண்டு வந்தேன். சர்வீஸ் சென்டருக்கு ஒரு ஸ்டார், அதுவும் ஏசிக்கு. சந்துக் கடைக்கு ஐந்து.

பலன் எப்படி என்று கேட்டால், முக்கால்வாசி. வாட்ஸ்அப் இப்போது வந்ததும் வருகிறது. கால் அடிக்கிறது, திரையில் பெயரும் தெரிகிறது. ஒரு வாடிக்கையாளர் மட்டும் "எத்தனை மெசேஜ் போட்டாலும் பார்க்க மாட்டேங்கிறீங்க" என்று கோபித்துக்கொண்டார், தேடினால் அவர் சாட், வேண்டாததை ஒதுக்கி வைக்கிற ஆர்க்கைவ்டில் கிடக்கிறது. எப்போதோ கை பட்டுப் போயிருக்கிறது. 2021லிருந்து ஆர்க்கைவில் போட்ட சாட் புது மெசேஜ் வந்தாலும் அங்கேயே கிடக்கும், சத்தமும் வராது. அதற்குப் போனைத் திட்ட முடியாது. வங்கி ஆப்பிலிருந்து ஒன்றுமே வராமல் இருந்தது, அதுவும் நான்தான்: ஆண்ட்ராய்டு 13லிருந்து புதிதாகப் போடுகிற ஒவ்வொரு ஆப்பும் நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று முதலில் கேட்கும், நான் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று தட்டியிருக்கிறேன். சிலிண்டர் ஆப் மாதிரி மாதக்கணக்கில் திறக்காத ஆப்களின் அனுமதிகளைப் போனே பிடுங்கிக்கொள்கிறது, பாதுகாப்புக்கு அது நல்லது, ஆனால் அந்த ஆப்பிலிருந்து தகவல் வரும் என்று காத்திருக்கிறவர் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

வீட்டுக்காரரின் போன் வேறு கம்பெனி. அவருக்கு வேறு வியாதி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரீசன்ட் ஆப்ஸைத் திறந்து எல்லாவற்றையும் மேலே தள்ளித் துடைத்துவிடுவார், போன் சுத்தமாக இருக்குமாம். கூடவே கிளீனர் ஆப் வேறு. சில போன்களில் அப்படித் தள்ளுவதே ஆப்பை முழுசாக நிறுத்திவிடுகிறது. அவர் ஆபீஸ் குரூப்பில் என்ன பேசினாலும் சாயந்திரம்தான் அவருக்குத் தெரியும், அதனால் அவருக்கு ரத்த அழுத்தம் இல்லை என்பது வேறு விஷயம். என் கூடப்பிறந்த தம்பி ஐபோன் வைத்திருக்கிறான், இந்தக் காவல்காரன் தொல்லை அவனுக்கு இல்லை, ஆனால் தெரியாத நம்பரை ஊமையாக்கும் வசதியை ஆன் செய்துவிட்டு, கூரியர்காரர்கள் யாரும் தன்னைக் கூப்பிடுவதே இல்லை என்று ஒரு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தான்.

பேட்டரிக்கு வருகிறேன். இந்த மாற்றங்களைச் செய்வதற்கு முன்னால் இரவு ஒன்பது மணிக்கு 55 சதவீதம் மிச்சம் இருக்கும். இப்போது 40, சில நாள் 35. இரண்டு நாள் பேட்டரி ஒன்றரை நாள் ஆயிற்று, தினமும் தூங்கப் போகும்போது சார்ஜில் போட்டுவிடுகிறேன். எனக்கு இது சம்மதம். ஆனால் பாருங்கள், வாங்கும் முன் நான் பார்த்த அத்தனை வீடியோ விமர்சனத்திலும் பேட்டரிக்கு பத்துக்கு ஒன்பதரை போட்டிருந்தார்கள். வீடியோவை விடாமல் ஓட்டி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று அளக்கிறார்கள், கேம் ஆடிச் சூட்டை அளக்கிறார்கள். போனை மூன்று மணி நேரம் மேஜையில் வைத்துவிட்டு, அனுப்பிய பத்து மெசேஜில் எத்தனை சரியான நேரத்துக்கு வந்தது என்று ஒருத்தர்கூட அளந்து நான் பார்க்கவில்லை. என் மெசேஜைப் பிடித்து வைத்துச் சேர்த்த மிச்சம்தான் அந்தப் பேட்டரி. பசிக்கிற பிள்ளைக்குச் சோறு போடாமல் அரிசி மிச்சம் என்று காட்டுகிற கணக்கு.

அதைவிடக் கோபம், இதெல்லாம் இருக்கிற இடம். பேட்டரி அனுமதி ஒரு மூலையில், ஆட்டோ ஸ்டார்ட் இன்னொரு மூலையில், டேட்டா சேவர் வேறொரு இடத்தில், ரீசன்ட் ஆப்ஸ் பூட்டு மற்றொரு இடத்தில். ஒரே ஆப்புக்கு நாலு கதவு, நாலு சாவி. அதோடு ஆகஸ்டில் ஒரு அப்டேட் வந்தது, போட்டு முடித்து மறுநாள் பார்த்தால் ஆட்டோ ஸ்டார்ட் மறுபடி அணைந்திருந்தது, அன்ரெஸ்ட்ரிக்டட் மட்டும் அப்படியே இருந்தது. அன்றைக்கு ஒரு ஆர்டர் கைவிட்டுப் போனது. இப்போது ஒவ்வொரு அப்டேட் போட்ட பிறகும், சார்ஜரைக் கழற்றி, போனை ஸ்டூலில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, வீட்டுக்காரர் போனிலிருந்து எனக்கு நானே ஒரு "ஹாய்" அனுப்பிப் பார்க்கிறேன். புதுப் போன் வாங்குகிறவர்கள் ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள், திரையில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட இது முக்கியம்.

வாங்கலாமா என்றால், படம் பார்க்க, போட்டோ எடுக்க, பிள்ளைகள் படிக்க என்றால் இந்த விலைக்கு நல்ல போன். ஆட்டோ ஓட்டுகிறவர், பிளம்பர், என்னைப் போல வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர், ஊரில் தனியாக இருக்கிற அப்பா அம்மா என்றால், கையில் கொடுக்கும் முன் மேலே சொன்ன நாலு கதவையும் திறந்துவிட்டுக் கொடுங்கள், அவர்களாகத் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள். முடியாது என்றால் வேறு பாருங்கள். நான் ஐந்துக்கு மூன்று போடுகிறேன். செட்டிங் மாற்றும் முன் கேட்டிருந்தால் ஒன்றரை.

தொழில் நம்பரின் சிம்மை இப்போதைக்கு 1,400 ரூபாய் கீபேட் போனில் போட்டு வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் மட்டும் அதே நம்பரில் இந்தப் போனில் ஓடுகிறது. கீபேட் போன் அடித்தால் எதிர் வீட்டு நாய் குரைக்கிறது, அம்மாவும் முதல் தடவையிலேயே எடுத்துவிடுகிறேன் என்று சந்தோஷப்படுகிறாள். இந்தப் போனில் அடுத்த அப்டேட் தயாராக இருக்கிறது என்று முந்தாநாளிலிருந்து நாலு மணி நேரத்துக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டிருக்கிறது. அது ஒன்று மட்டும் இதுவரை ஒரு தடவைகூடத் தவறவில்லை.